ஆங்கிள் கிரைண்டர் வாங்க ஆலோசனை தேவை

நண்பர்களே, வணக்கம். நாகப்பட்டினத்தில் எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் அடிப்பகுதியை உப்புக்காற்று அரித்துவிட்டது. அரித்த சதுரக் குழாய்களை அறுத்தெடுக்கவும், புதிதாக வைக்கும் வெல்டிங்கைத் தேய்த்துச் சமன்செய்யவும் ஆங்கிள் கிரைண்டர் வாங்கப்போகிறேன். வட்டின் அளவு 4 அங்குலம் போதுமா, 5 அங்குலம் வேண்டுமா? சிறியது கைக்கு அடக்கம். அதற்கான வட்டுகளும் எளிதில் கிடைக்கும். ஆனால் கீல் பக்கம் 10 மி.மீ. பட்டை இருக்கிறது. அதை அறுக்க 850 வாட் மோட்டார் தாங்குமா?

கையை எடுத்தவுடன் மின்சாரம் நின்றுவிடும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். பட்டறைகளில் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதைப் பார்த்தாலே பதறுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும் வட்டு உடைந்தால் என்ன ஆகும்! அத்தகைய சுவிட்ச் உள்ள மாடலைப் பயன்படுத்துவோர் சொல்லுங்கள்.

துரு எடுக்கக் கம்பி பிரஷ் நல்லதா, ஃபிளாப் டிஸ்க்கா (உப்புத்தாள் துண்டுகளை அடுக்கி ஒட்டிய வட்டு)? குழாயின் கனம் 2 மி.மீ.தான்.