படச்சட்டத்துக்குள் எவ்வளவு இடம்? பறவைப் படம் எடுப்பவர்களின் அனுபவங்கள்

கரட்டுக்காரன், கிருஷ்ணகிரி:

கோட்டை மலையில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற பறவை கிடைத்த கதையைக் கேட்டிருந்தீர்கள். குரல் முதலில் வரும், ஆள் கடைசியில்தான் தெரிவார். அவ்வளவு கூச்சம். புதருக்குள் நுழைந்துவிட்டால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அன்று வெயில் ஏறுவதற்குள் ஒரு பாறை விளிம்பில், சப்பாத்திக்கள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கையில் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ். முழுக்க நீட்டினால் சட்டம் நிறையப் பறவைதான். நான் 350 வரைக்கும் இறக்கிக்கொண்டேன். உடன் வந்தவர் முறைத்தார்.

காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளையும் அவற்றை ஒட்டிய புதர்க்காட்டையும் விட்டால் இந்தப் பறவைக்கு உலகில் வேறு வீடு கிடையாது. ஆபத்தில் இருக்கும் உயிரினங்களைக் கணக்கிடும் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக அதைச் சேர்த்திருக்கிறார்கள். நம் மாவட்டத்திலோ கிரானைட்டுக்காகக் கரடு கரடாக அறுக்கிறோம். பின்னணியைப் பச்சைக் குழம்பாக்கி முகத்தை மட்டும் காட்டினால், அந்தப் படத்தை எந்தத் தோட்டத்தில் எடுத்தாலும் ஒன்றுதான். பாறையின் வெடிப்பும் அதில் வளர்ந்த புல்லும் படத்தில் இருந்தால்தான் அது இந்தப் பறவையின் படம்.

கணினியில் செய்த வேலை கொஞ்சம்தான். பறவையைவிடப் பாறை வெளிச்சமாக இருந்தது. பாறையின் வெளிச்சத்தை மட்டும் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) இறக்கினேன். மஞ்சளைத் தொடவே இல்லை. மஞ்சள் நிறத்தைச் சற்று ஏற்றினாலும் தொண்டையில் இறகின் கோடுகள் மறைந்து, சுண்ணாம்பு பூசியது போல மொழுக்கென்று ஆகிவிடும்.

தென்பெண்ணை, காவேரிப்பட்டினம்:

அண்ணன் சொல்வது உட்கார்ந்த பறவைக்குச் சரி. கிருஷ்ணகிரி அணையில் கருப்பு வெள்ளை மீன்கொத்தியின் பின்னால் அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும். சிறகு எவ்வளவு வேகமாக அடித்தாலும் தலை மட்டும் அசையாது, அலகு நேராகக் கீழே பார்த்திருக்கும். அந்தத் தலையில் ஃபோகஸ் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஷட்டர் வேகம் 1/3200 நொடிக்குக் குறைந்தால் சிறகு நுனி கலங்கும்.

பார்வை போகும் பக்கம் இடம் விடு என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பெரும்பாலோர் அதைப் பக்கவாட்டில் மட்டுமே விடுகிறார்கள். இந்தப் பறவை போகப்போவது கீழே. அதனால் கேமராவை நெட்டாகத் திருப்பி, பறவையை மேலே வைத்து, அதன் கீழே வெறும் தண்ணீரை விடுகிறேன். பாய்ந்தாலும் சட்டத்துக்குள்ளேயே கொஞ்ச தூரம் வரும். மதகுப் பக்கம் கரை உயரமாக இருப்பதால் கோணம் கெட்டுப்போகிறது. தண்ணீர் வற்றும் மாதங்களில் ஓரத்துச் சேற்றில் குப்புறப் படுத்துவிடுவது உத்தமம். துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நான் மயங்கி விழுந்துவிட்டேன் என்று ஆள் கூப்பிடப் போய்விட்டார்.

வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் இருண்ட தண்ணீர் இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தை ஏற்றிவிடும். கொக்கின் முதுகு வெறும் வெள்ளைத் தாளாக வரும். ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள். இருட்டை ரா கோப்பில் (கேமரா பதிந்த, திருத்தாத மூலக் கோப்பு) ஏற்றிவிடலாம், எரிந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

மாந்தோப்பு, போச்சம்பள்ளி:

எங்கள் தோப்பில் மா பூக்கும் சமயத்தில் பூச்சிகளைத் தேடி மாங்குயில் வரும். இலை வழியாக வடியும் வெளிச்சத்தில் அது எலுமிச்சைப் பச்சையாகவே விழுகிறது. படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலையை மஜென்டா (கருஞ்சிவப்பு) பக்கம் சற்று நகர்த்தியதும் அசல் நிறம் திரும்பியது. பாரூர் ஏரிப் பக்கம் கோடையில் போகிறவர்களுக்கு ஒன்று: ஒன்பது மணிக்குமேல் தரையிலிருந்து கானல் எழும். தூரத்துப் பறவையின் விளிம்பெல்லாம் நெளியும். கூர்மையை எவ்வளவு ஏற்றினாலும் நெளிவுதான் கூர்மையாகும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால் அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிடுங்கள். சரளைக்கல் நடுவில் கிடக்கும் முட்டை கல் போலவே இருப்பதால் நம் காலுக்குத் தப்புவதே பெரிய காரியம்.

வாத்தியார், பாலக்கோடு:

மேலே சொன்ன கொக்குக் கணக்கு, கருப்பான கரிச்சானுக்குத் தலைகீழ். வானம் பின்னால் இருந்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் கண் தெரியும். வாயோரத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளியும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

என் சண்டை வேறு. ராகிக் கொல்லை ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கரிச்சானை எடுத்துக் காட்டினேன். மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போய்க் கம்பியை அழித்து, மரக்கிளை ஒன்றைச் சொருகிக் கொண்டுவந்தான். பார்க்க அழகுதான். ஆனால், தம்பி, நம் ஊர்க் கரிச்சான் நாளெல்லாம் கம்பியில் உட்கார்ந்துதானே கொல்லையைக் காவல் காக்கிறது? வெட்டுக்கிளி கிளம்பினால் பாய்ந்து பிடித்துவிட்டு அதே கம்பிக்குத் திரும்புகிறது. கிளையில் வைத்தால் அந்த வாழ்க்கையே படத்தில் இல்லாமல் போகிறது.

தென்பெண்ணை, காவேரிப்பட்டினம்:

அப்படியானால் கேமரா சென்சாரில் தூசி விழுந்த புள்ளியையும் அழிக்கக்கூடாதா ஐயா?

வாத்தியார், பாலக்கோடு:

தாராளமாக அழியுங்கள், அது உங்கள் கேமராவின் அழுக்கு. பெரிய போட்டிகளிலும் தூசியைத் துடைக்க அனுமதி உண்டு. கம்பியை அழித்து அனுப்பினால்தான், இறுதிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். காலண்டருக்குக் கொடுப்பதானால் கிளை ஒட்டியது என்று கீழே ஒரு வரி போட்டுவிடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.