போட் இன்ஜினை குளிருக்கு மூடி வைக்கணும்: மைனஸ் 50 ஆன்டிஃப்ரீஸா, மைனஸ் 100-ஆ?

புதுத்துடுப்பு:
வணக்கம் மக்களே, பழைய போட் ஒண்ணு வாங்கி இதுதான் முதல் குளிர்காலம். 4.3 லிட்டர் வி6, ஸ்டெர்ன்டிரைவ் (இன்ஜின் போட்டுக்குள்ள, ப்ரொப்பெல்லர் பின்னாடி வெளிய). ரேடியேட்டர் மாதிரி எதுவும் கிடையாது, வெளித் தண்ணியவே உறிஞ்சி இன்ஜினுக்குள்ள சுத்தவிட்டு எக்ஸாஸ்ட் வழியா துப்பிடும். கடையில பிங்க் கலர் ஆன்டிஃப்ரீஸ், அதான் குளிர்ல வெடிக்காம இருக்க இன்ஜினுக்குள்ள ஊத்தற திரவம், மைனஸ் 50-ன்னு ஒரு கேன், மைனஸ் 100-ன்னு இன்னொண்ணு, ரெண்டாவது விலை ரொம்ப ஜாஸ்தி. வீட்ல காருக்கு வாங்கின பச்சை கூலன்ட் வேற மிச்சம் கிடக்கு. அதையே ஊத்திட்டா என்ன? எங்க பக்கம் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இறங்கும். வீடியோல எல்லாம் பக்கெட்ல ஆன்டிஃப்ரீஸ வச்சு இன்ஜினை ஓடவிட்டு உறிஞ்ச வைக்கறாங்க, அஞ்சு நிமிஷத்துல வேலை முடிஞ்சுது, அவ்வளவுதானா?

உப்புக்காத்து:
பச்சை வேண்டவே வேண்டாம் ப்ரோ. அது எத்திலீன் கிளைக்கால், விஷம். உங்க இன்ஜின்ல ஊத்தினா வசந்த காலத்துல ஸ்டார்ட் பண்ற அன்னைக்கு அத்தனையும் நேரா தண்ணியிலதான் போகும், தரையில சிந்தினாலும் இனிப்பா இருக்கும்னு நாய் நக்கிடும், கொஞ்சம் உள்ள போனாலே பிழைக்கறது கஷ்டம். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்ச, அதாவது வெளித் தண்ணி தனியா கூலன்ட் தனியா சுத்தற இன்ஜின்ல உள்சுத்து கூலன்ட்டா அது இருக்கலாம், அது வெளிய வராது. உங்களுக்கு வேண்டியது புரொப்பிலீன் கிளைக்கால். கலரைப் பாத்து வாங்காதீங்க, பிங்க்ல ஆல்கஹால் கலந்த மலிவு சரக்கும் வருது, வீட்டுப் பைப்புக்கு ஓகே, ஆனா தீப்பிடிக்கும், ரப்பரையும் காய வச்சிடும், தண்ணி உறிஞ்சற பம்ப்புக்குள்ள இருக்கற ரப்பர் சக்கரம், இம்பெல்லர், பாவம். பின்னாடி லேபிளப் படிங்க.

விரிசல்வி8:
நான் சூடுபட்டவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். கேன் மேல போட்டிருக்கற மைனஸ் 50 ஃபாரன்ஹீட், செல்சியஸ் இல்ல, சுமார் மைனஸ் 46 செல்சியஸ். அதுகூட உறையற அளவு இல்ல, பைப் வெடிக்காம தாங்கற அளவு. அந்தச் சரக்கு மைனஸ் பத்து செல்சியஸ் பக்கத்துலயே ஐஸ் கூழ் மாதிரி ஆக ஆரம்பிச்சிடும், கூழா இருக்கறதால விரிய இடம் இருக்கும், வெடிக்காது, அதுதான் கணக்கு. ஆனா அந்தக் கணக்கு சுத்தமான சரக்குக்கு மட்டும். உள்ள தண்ணி தேங்கியிருந்து பாதிக்குப் பாதி கலந்துச்சுன்னா மைனஸ் அஞ்சுக்கே உறைய ஆரம்பிக்கும், தண்ணி ஐஸானா ஒம்பது சதவீதம் பெருசாகும், வார்ப்பிரும்பு வளையாது, பிளந்துடும்.

நான் செஞ்சதும் அந்த பக்கெட் வித்தைதான். இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடியே உறிஞ்ச விட்டேன். எக்ஸாஸ்ட்ல பிங்க்கா கொட்டுச்சு, ஆஹா முடிஞ்சுதுன்னு போர்வை போத்திட்டு வந்துட்டேன். இன்ஜின் சூடானாத்தான் திறக்கற வால்வு, தெர்மோஸ்டாட், மூடியே இருந்திருக்கு, ஆன்டிஃப்ரீஸ் பூரா பிளாக்குக்குள்ள (இன்ஜினோட வார்ப்பிரும்பு உடம்பு) போகாம சுத்திக்கிட்டு வெளிய போயிருக்கு. அடுத்த சீசன்ல இன்ஜின் ஆயில்ல தண்ணி கலந்து பால் டீ கலர்ல வந்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. இன்ஜின் மாத்தின செலவுக்கு மைனஸ் 100 கேன் ஒரு லாரி வாங்கியிருக்கலாம்.

நங்கூரம்:
இவ்ளோ எதுக்கு? டிரெய்ன் பிளக்கை எல்லாம் கழட்டி தண்ணிய வடிச்சு அப்படியே காலியா விட்டுடுங்க. காத்து உறையாது. நான் பல வருஷமா அப்படித்தான், ஒண்ணும் ஆகல.

உப்புக்காத்து:
நங்கூரம் அண்ணே, வடிக்கறது சரி, அதுதான் முக்கியமே. ஆனா வளைஞ்ச ஹோஸ்லயும் மூலையிலயும் மிச்சம் நிக்கும்ல, அதோட ஈரமான இரும்பு மாசக்கணக்கா காத்துல துருப்பிடிக்கும். வடிச்சிட்டு நல்ல ஆன்டிஃப்ரீஸ நிரப்பினா அதுல இருக்கற துருத்தடுப்பு மருந்து உள்ள பூசின மாதிரி நிக்கும். அவுட்போர்டா (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டற இன்ஜின்) இருந்தா இந்தப் பேச்சே இல்ல, நேரா நிமித்தி வச்சா தானா வடிஞ்சிடும்.

புதுத்துடுப்பு:
அப்போ முதல்ல வடிக்கறது, அப்புறம்தான் ஊத்தறது, சரிதானே? மைனஸ் 50-யே போதுமா?

விரிசல்வி8:
முழுசா வடிச்சா உங்க குளிருக்கு 50 தாங்கும். ஆனா மைனஸ் 20-ன்னு சொல்றீங்க, அதுல 50 கூழாகித்தான் நிக்கும், என்னைக் கேட்டா 100 வாங்கிடுங்க, கொஞ்சம் தண்ணி கலந்தாலும் மன்னிக்கும். எதுல போனாலும் தண்ணி சேர்க்காதீங்க, அது ஏற்கனவே கலந்து வர்றது. பக்கெட்ட நம்பாம தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல இருந்து பிளாக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் (எக்ஸாஸ்ட் புகை சேர்ந்து வெளிய போற குழாய்) போற பெரிய ஹோஸ்களக் கழட்டி மேல இருந்தே ஊத்துங்க. ரெஃப்ராக்டோமீட்டர் ஒண்ணு இருந்தா கீழ இருந்து நாலு சொட்டு எடுத்துப் பாருங்க, எத்தனை டிகிரிக்குத் தாங்கும்னு காட்டும், வாங்கறப்ப புரொப்பிலீன் அளவுகோல் இருக்கான்னு பாத்துக்கோங்க. அப்புறம் பிளக் கழட்டினதும் தண்ணி வரலன்னா காலின்னு நினைக்காதீங்க, கம்பி விட்டுக் குத்துங்க.

புதுத்துடுப்பு:
இன்னைக்கு உக்காந்தேன். வலது பக்க பிளக் கழட்டினதும் குபுகுபுன்னு கொட்டுச்சு. இடது பக்கம் ரெண்டே சொட்டு. காலி போலன்னு பிளக்கை மாட்டவே போயிட்டேன், அப்பதான் கம்பி ஞாபகம் வந்து குத்தினேன், துருச் சேறு உருண்டையா ஒண்ணு விழுந்து பின்னாடியே ரெண்டு மூணு லிட்டர் தண்ணி சட்டையெல்லாம் நனைச்சிடுச்சு. விரிசல் அண்ணா, உங்களுக்கு ஒரு கும்பிடு. மைனஸ் 100-தான் வாங்கினேன், மேல இருந்தே ஊத்தினேன், கீழ மீட்டர்ல மைனஸ் 40 செல்சியஸ் காட்டுது. இம்பெல்லரையும் கழட்டி வச்சிடவா?

நங்கூரம்:
கழட்டிடுங்க, ஒரே பக்கமா மடங்கி உக்காந்தா இறக்கை அப்படியே நின்னுடும். சாவிக் கொத்துல ‘இம்பெல்லர் இல்ல’ன்னு ஒரு சீட்டு கட்டுங்க, நான் ஒருதடவை மறந்து ஸ்டார்ட் பண்ணித் தொலைச்சேன். அப்புறம், நானும் நேத்து கம்பி விட்டுப் பாத்தேன். என்ன வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.