மறு: பாம்புப் பெட்டிக் கலைச்சொற்கள் – காய்முனை, தணிமுனை

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புப் பாம்பின் பெட்டியில் சூட்டைச் சரியாக வைப்பது பற்றித் தமிழில் ஒரு துண்டறிக்கை போட, அதற்கான சொற்களை இந்த மின்னஞ்சல் இழையில் தேடிக்கொண்டிருக்கிறோம். இழை நீள நீள, இந்தத் துண்டறிக்கை யாருக்கு என்பதை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. டர்பனில் பாம்பு வளர்க்கும் பிள்ளைகளுக்கு வேண்டியதெல்லாம் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. அவர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போன பிறகு அந்தப் பெட்டியோடு வீட்டில் இருப்பவர்கள் பாட்டிமாரும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரும்தான். "பாம்புக்கு எதுக்குய்யா கரண்ட்டு" என்று பிளக்கைப் பிடுங்குகிறவர்களும் அவர்களே. பலருக்கு நாம் வாசித்துத்தான் காட்டப் போகிறோம். அதனால் சொல் காதில் எப்படி விழுகிறது என்பதுதான் எனக்குக் கணக்கு. தாளில் அழகாக இருப்பது அடுத்தபடி.

> தெர்மல் கிரேடியன்ட் = வெப்பநிலைப் படித்திறன். எங்கள் பாடநூலில் இருக்கிறது, புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

பெட்டியின் ஒரு முனையில் சூடு கூடுதலாக இருந்து மறுமுனை நோக்கிப் படிப்படியாகக் குறைவதைத்தான் தெர்மல் கிரேடியன்ட் என்கிறோம். யாழ்ப்பாணத்து அண்ணர் சொல்வது சரி, இலங்கையில் அது நிலைத்த சொல். ஆனால் இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வாசித்துக் காட்டினால், பாம்புக்கு எதற்குப் படிக்கும் திறன் என்று கேட்பார்கள்.

> 'வெப்பச் சரிவு' போதாதா?

விலைச் சரிவு, பங்குச் சரிவு என்று கேட்டே பழகிய காது. 'பெட்டியில் வெப்பச் சரிவு இருக்க வேண்டும்' என்றால் சூடு குறைய வேண்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 'சரிவு இருக்கிறது' என்றாலோ, ஐயோ குறைந்துவிட்டதே என்று யாராவது கூட்டி வைத்துவிடுவார்கள். பாம்பு வெந்துவிடும்.

> கொத்தனார்கள் சொல்லும் 'வாட்டம்'?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து எழுதும் தம்பியின் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வாட்டம் விடுகிறோமே, அதேதான் விஷயம்: ஒரு பக்கம் உயர்ந்து, படிப்படியாக மறுபக்கம் தாழ்வது. ஆனால் 'வெப்ப வாட்டம்' என்று சேர்த்துச் சொன்னால் வெயிலில் வாடிப்போன பாம்புதான் கண்முன் வருகிறது. பாடநூலுக்கு இந்த மூன்றில் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். துண்டறிக்கைக்கு மூன்றும் வேண்டாம்.

என் யோசனை: நடுவில் நடப்பதற்குப் பெயர் தேடாமல் இரண்டு முனைகளுக்குப் பெயர் வைப்போம். பாம்பால் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. இரை செரிக்க வேண்டுமானால் சூடான இடத்துக்குப் போகும், போதும் என்றால் நகர்ந்துவிடும். பெட்டி முழுவதும் ஒரே 30 பாகை என்றால் நகர்வதற்கு இடமே இல்லை. வளர்ப்பவர் செய்ய வேண்டியது ஒரு முனையை மட்டும் சூடாக்கி மறுமுனையை விட்டுவிடுவது.

இழையில் இதுவரை வந்தவை சுடுமுனை, குளிர்முனை. இரண்டுமே தப்பான வேலையைச் செய்யச் சொல்கின்றன. பால் பைத்தான் (ball python) என்னும் மலைப்பாம்பு வகைக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ், மற்றப் பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்னேக்குக்கு ஏறக்குறைய 29–30, 23–24. இதில் சுடுவது எது, குளிர்வது எது? 26 பாகையைக் குளிர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டர்பனில் ஜூலை மாத இரவு 11, 12 பாகைக்கு இறங்கும். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, அங்கே 4 பாகை சாதாரணம். 'குளிர்முனை' என்று எழுதிக் கொடுத்தால் அந்த முனையை ஜன்னலோரம் தள்ளி வைத்துவிட்டு, சொன்னபடிதானே செய்தோம் என்பார்கள்.

ஆகவே காய்முனை, தணிமுனை. குளிர்காய்கிறோம், வெயில் காய்கிறோம். வேண்டிய மட்டும் காய்ந்துவிட்டு எழுந்துபோவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாம்பு செய்வதும் அதுவே. தணிமுனை என்றால் சூடு அடங்கிய இடம், சில்லென்ற இடமல்ல. காய் என்றதும் காய்கறி நினைவு வரும் என்று ஒருவர் எழுதியிருந்தார். காய்ச்சல் என்று கேட்டு யாரும் கத்தரிக்காயை நினைப்பதில்லை.

பேஸ்கிங் ஸ்பாட்டுக்குத் தனிச்சொல் கேட்டவர்களுக்கு: ஓணான், பல்லி வகைகளுக்கு மேலே விளக்கு போட்டுக் காய்மேடை வைப்பதுண்டு, அதற்கு அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம். இந்தத் துண்டறிக்கைக்குத் தேவையில்லை.

மின்சாரத்தில் சூடேறும் ஹீட் மேட்டுக்கு 'வெப்பப் பாய்' என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். பாய் என்றால் விரித்து மேலே படுப்பது. நம்மவர்கள் பெட்டிக்குள் விரித்துப் பாம்பை அதன்மேல் விடுவார்கள். அது இருக்க வேண்டியது பெட்டிக்கு வெளியே, அடியில், தரையில் மூன்றில் ஒரு பங்குக்குக் காய்முனைப் பக்கமாக. அதனால் 'அடிச்சூட்டுத் தகடு' என்கிறேன். நீளம்தான், ஆனால் எங்கே வைப்பது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் 110 வோல்ட் தகடா என்று பார்க்க வேண்டும், இங்கே 230.

தெர்மோஸ்டாட்டுக்கு வந்த 'வெப்பக்காப்பி'யைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை, நீங்களே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கீசரிலும் இஸ்திரிப் பெட்டியிலும் இருப்பதால் தெர்மோஸ்டாட் என்பதே எல்லார் வாயிலும் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அது இல்லாமல் தகட்டைச் சொருகவே கூடாது என்பதுதான் பெரிய எழுத்தில் வர வேண்டியது. கட்டுப்பாடில்லாத தகட்டின் மேல் படுத்து வயிற்றுச் செதில் வெந்துபோகும்வரை நகராத பாம்புகள் உண்டு.

தெர்மோஸ்டாட்டின் வயர் நுனியில் சூட்டை அறியும் பகுதிக்கு 'உணரி' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதைத் தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே நன்றாக ஒட்டிவிட வேண்டும். உள்ளே தளர்வாக விட்டால் பாம்பு அதை உருட்டித் தணிமுனைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே 24 பாகை என்று உணரி சொல்ல, தெர்மோஸ்டாட் இன்னும் இன்னும் சூடேற்றும். காய்முனை உள்தரையில் உண்மையில் என்ன சூடு என்று தனியாக அளந்து, அதற்கேற்பத் தெர்மோஸ்டாட்டில் வைத்த எண்ணைத் திருத்த வேண்டும். துப்பாக்கி போல நீட்டி அளக்கும் வெப்பமானியைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பிடித்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். மூடியைத் திறந்து அளக்க வேண்டும். பெட்டிக்குள் பரப்பும் மரச்சீவலும் தடிமனாக இருக்கக் கூடாது. மேலே சூடு வராது, பாம்பு சூட்டைத் தேடிக் குடைந்து நேரே தகட்டின் மேல் போய்ப் படுக்கும். தேவதாருச் சீவல் எந்தத் தடிமனிலும் ஆகாது.

பாம்பு ஒளிந்துகொள்ள வைக்கும் ஹைடு: 'பதுங்குகுழி' வேண்டாம் என்று அண்ணர் ஒரே வரியில் எழுதியிருந்தார். அதற்கு மேல் பேச வேண்டியதில்லை. 'புற்று' என்றால் பாட்டிமார் மஞ்சளும் பாலும் கொண்டுவந்துவிடுவார்கள், பாம்பு பால் குடிக்காது என்று இன்னொரு துண்டறிக்கை எழுத வேண்டிவரும். 'பொந்து' இருக்கும்போது வேறெதற்கு? காய்முனையில் ஒன்று, தணிமுனையில் ஒன்று, பாம்பு சுருண்டால் உடம்பு சுவரைத் தொடும் அளவில். ஒரே பொந்து வைத்தால் ஒளிவதா சூடா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் ஒளிவதைத்தான் தேர்ந்தெடுக்கும், தின்ற எலி செரிக்காமல் வெளியே வரும்.

லோட் ஷெடிங்குக்கு 'மின்வெட்டு' இருக்கிறது, அதில் விவாதமில்லை. மரப்பெட்டி கண்ணாடித் தொட்டியைவிட நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதை மட்டும் அந்தப் பத்தியில் சேருங்கள். கண்ணாடி வைத்திருப்பவர்கள் மேலே கம்பளி போர்த்தட்டும், காற்றோட்டத்தை முழுக்க அடைக்காமல். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே காய்முனையை ஒட்டி வைக்கலாம்.

கடைசி வரியில் எசெம்வெலோ என்னும் மாகாண வனவிலங்கு அமைப்பு பற்றி இருக்கட்டும்: நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்நாட்டுப் பாம்பு வளர்க்க அவர்களின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெர்மிட் என்றே போடுங்கள், அலுவலகத்தில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

'தகடு' சிலர் காதில் தாயத்துத் தகடாக விழுமோ என்று எனக்கே ஒரு சந்தேகம். வேறு சொல் இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.