36வது வாரத்தில் டிரைவிங் டெஸ்ட், போகலாமா?

தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்கள். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த டிரைவிங் டெஸ்ட் வருகிற வியாழக்கிழமை. எனக்கோ கர்ப்பத்தின் 36வது வாரம். டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார், ஆனால் வயிறுதான் இடைஞ்சல். சீட்டைப் பின்னால் தள்ளினால் கிளட்ச் முழுதாக மிதிபடவில்லை. முன்னால் இழுத்தால் ஸ்டீயரிங் இடிக்கிறது. ஏர்பேக் உள்ள வண்டியில் நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும் என்கிறார்கள். நேற்று கை வைத்துப் பார்த்தேன், வயிற்றுக்கு முன்னால் நாலு விரல்கூட இல்லை.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்போடு ஒட்டிப் போடப் பழகிவிட்டேன். ரிவர்ஸ் எடுக்கும்போது திரும்பிப் பார்ப்பதுதான் பெரும்பாடு. பாதி திரும்பியதுமே உள்ளே இருப்பவர் ஒரு உதை விடுகிறார் (என் பார்க்கிங் பிடிக்கவில்லை போல). அப்புறம், அரை மணிக்கு ஒரு முறை பாத்ரூம் வேறு.

கணவர் தள்ளிப்போடச் சொல்கிறார். பிள்ளை பிறந்தபின் எனக்கு ஏது நேரம்? சிசேரியன் ஆகிவிட்டால் வாரக்கணக்கில் வண்டியைத் தொடவே முடியாது.

இந்த நிலையில் டெஸ்ட் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தேர்வு எடுப்பவரிடம் முன்கூட்டியே சொன்னீர்களா? முழுதாகத் திரும்ப முடியாமல் கண்ணாடியை வைத்தே சமாளித்தால் ஃபெயில் ஆக்கிவிடுவார்களா? முதுகுக்குத் தலையணை வைக்க விட்டார்களா?