பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ஜோசப் ரைட்டின் ஓவியங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாம்பல்குருவி:
லண்டன் நேஷனல் கேலரி, காற்றுப் பம்பு ஓவியம், 1768. பறவை இருக்கும் கண்ணாடிக் குடுவையிலிருந்து ஒரு பெரியவர் பம்பால் காற்றை வெளியேற்றிக் காட்டுகிறார், சுற்றிலும் ஆட்கள், அதில் ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொள்கிறாள். நண்பரின் ஆறு வயது மகளைக் கூட்டிப் போயிருந்தேன். கண்ணாடிக் குடுவைக்குள் துவண்டு கிடக்கும் வெள்ளைக் காக்கட்டூ கிளியைப் பார்த்து "செத்துடுமா?" என்றாள். "இல்லடா, அந்தத் தாத்தா கை மேலே வால்வுலதான் இருக்கு, காத்தைத் திறந்து விட்டுடுவார்" என்றேன். "அப்போ அந்த அக்கா ஏன் கண்ணை மூடிக்கிறாங்க?" இரண்டு வருஷமாகிறது, இன்னும் பதில் கிடைக்கவில்லை.

எதிர்க்கட்சி:
வால்வில் கை இருந்தால் திறப்பார் என்று யார் சொன்னது? ஓவியத்தில் ஜன்னலோரம் நிற்கும் பையன் பறவையின் கூண்டை இறக்குகிறானா ஏற்றுகிறானா என்பதும் தெரியாது, ரைட் வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தியிருக்கிறார். உயிருள்ளதை வைத்துச் செய்வது கொடுமை, காற்றடைத்த பையே போதும் என்று அறிவியல் சொற்பொழிவாளர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார். நான் பார்த்தபோது மனதில் நின்றது இடது ஓரத்துக் காதல் ஜோடி. பறவை பக்கமே திரும்பவில்லை, பாவிகள்.

பித்தளைவிளக்கு:
எனக்கு ரைட்டின் சொந்த ஊரான டார்பி அருங்காட்சியகத்துக் கோள் எந்திர ஓவியம்தான், 1766. சூரியனைக் கோள்கள் சுற்றுவதைக் காட்டும் எந்திரம் அது. சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளக்கு, அதையும் முன்னால் நிற்கும் பிள்ளையின் நிழலுருவம் மறைத்துவிடுகிறது, வெளிச்சம் முகங்களில் மட்டும். அவ்வளவுதான் என் கதை. போகிறவர்கள் லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தில் ரயில் ஏறுங்கள், ஒன்றரை மணி நேரம்தான், டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்தால் மலிவு. அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது. பாஸ்பரஸ் கண்டுபிடிக்கும் ரசவாதியை ரைட் வரைந்த ஓவியமும் அங்கேதான் இருக்கிறது. ஃபிளாஷ் போடாதீர்கள், நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் வார்னிஷ் பளபளப்பு கண்ணை உறுத்தாது. அப்புறம் நேரமிருந்தால் மாட்லாக் ரயிலில் குரோம்ஃபோர்டு வரை போய்வாருங்கள், ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் பழைய பருத்தி நூற்பு மில் அங்கே இன்னும் நிற்கிறது.

மூணாவதுஷிஃப்ட்:
அந்த மில்லையும் ரைட் வரைந்திருக்கிறார், 1782 வாக்கில். நிலா வெளிச்சம், மலை, மரங்கள், நடுவே ஜன்னல் ஜன்னலாக மஞ்சள் விளக்கு. பக்கத்தில் நின்றவர் "என்ன அமைதி" என்றார். ஸ்பின்னிங் மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான், ராத்திரி அத்தனை ஜன்னலும் எரிகிறது என்றால் உள்ளே என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், குழந்தைகளும் சேர்த்து. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

சாம்பல்குருவி:
சரி, பையன் கூண்டை இறக்குகிறான் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு இப்போது எட்டு வயது. ஃபோன் போட்டுச் சொல்லட்டுமா?