4294967297 பகா எண்தானா?

கேள்வி:
2-இன் 32ஆம் அடுக்கோடு 1 சேர்த்தால் வரும் எண் இது. இரண்டு நாளாக நோட்டில் வகுத்துக்கொண்டிருக்கிறேன். இலக்கங்களின் கூட்டல் 59, அதனால் 3-இன் கதை அங்கேயே முடிந்தது. 113 வரை வந்தும் மீதி போகவில்லை. வர்க்கமூலமோ 65536-ஐத் தாண்டுகிறது. அதுவரை 6542 பகா எண்கள்! பகா எண் என்றே வைத்துக்கொள்ளலாமா?

பதில்:
வேண்டாம். 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவும் அப்படித்தான் நினைத்தார். 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 சேர்த்தால் 3, 5, 17, 257, 65537 என்று வரிசையாகப் பகா எண்ணே வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? 1732-இல் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

பதில்:
ஒவ்வொன்றாக வகுத்தது வீண் வேலை. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாகத்தான் இருக்கும். 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்!

எனக்குப் பிடித்தது வகுக்காமலே காட்டும் வழி. 641 = 5 × 128 + 1. அதே 641 = 625 + 16. முதல் வரியின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-உம் −1-உம் ஒரே மீதிதான் தரும். நான்காம் அடுக்கு எடுங்கள்: 625 × 2²⁸-உம் 1-உம் ஒரே மீதி. இரண்டாம் வரியின்படி 625-உம் −16-உம் ஒரே மீதி; இப்போது 625-க்குப் பதில் −16 போடுங்கள். −2³² = 1 ஆகிவிட்டதா? அப்போது 2³² + 1-க்கு மீதி ஏது?

கேள்வி கேட்டவர்:
அடடா, 113-உடன் நிறுத்தியிருக்கிறேனே! சரி, 6700417 இன்னும் உடையுமா?

பதில்:
உடையாது, அது பகா எண். வர்க்கமூலம் 2588 சொச்சம்; அதே 64 கணக்கில் நோட்டில் அரைப்பக்கம் போதும்.