டாரஸ் லாரி மலை ஏறுமா? வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

கோரிமேடு சித்தி: அனைவருக்கும் காலை வணக்கம். [படம்: செம்பருத்தி]

கோகுல்: [படம்] பெரியப்பா, லெகோ பிளாஸ்டிக் கட்டையில் கட்டுகிற லாரிக்குச் சேசிஸ் (அடிச்சட்டம்) முடிந்துவிட்டது, பாருங்க. முன்னால் ஒரு ஆக்சில், பின்னால் இரண்டு. மொத்தம் பத்து டயர்.

குகை பெரியப்பா: டாரஸா கண்ணு?

கோகுல்: ஆமாங்க. டாரஸ் டிப்பர், தொட்டியைத் தூக்கிக் கொட்டுகிற லாரி. வெள்ளைக்கல் ஏற்றுகிற வண்டி.

திவ்யா: பெட்டியில் படத்தோடு வருவதை வாங்கி அதன்படியே கட்டினால் போதாதா? எதற்கு இத்தனை தலைவலி?

கோகுல்: பெட்டியில் வருவதெல்லாம் வெளிநாட்டு லாரி அக்கா. அதன் பம்பரில் எலுமிச்சை, மிளகாய் கட்டினால் நன்றாகவா இருக்கும்? எனக்கு நம் சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் போகிற வண்டி வேண்டும்.

ஏற்காடு மாமா: அளவு எப்படிப் பிடித்தாய்?

கோகுல்: டயரை வைத்துத்தான் மாமா. மற்றதையெல்லாம் கட்டையை அடுக்கி அளவு மாற்றலாம், டயரை மாற்ற முடியாது. லெகோ டயரில் நான் எடுத்தது 62.4 மி.மீ. குறுக்களவு. நிஜ லாரி டயர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் 17-இல் ஒரு பங்கு. இரண்டரை மீட்டர் அகல லாரி இங்கே 147 மி.மீ. ஆகும். கட்டையின் மேல் இருக்கிற குமிழைத்தான் புள்ளி என்கிறேன். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 8 மி.மீ. என்பதால் பதினெட்டுச் சொச்சம் புள்ளி வரும். நான் 19 வைத்தேன்.

குகை பெரியப்பா: 18 தானே பக்கம்? ஏன் 19?

கோகுல்: ஒற்றைப்படை என்றால் நடு என்று ஒரு புள்ளி கிடைக்கும், மோட்டாரிலிருந்து பின்னால் போகிற ஷாஃப்ட் நேராக ஓடும். இரட்டைப்படையில் நடு இரண்டு புள்ளிக்கு இடையில் போய் விழும். அப்புறம் அரைப் புள்ளித் துண்டு தேடி அலைய வேண்டும்.

குகை பெரியப்பா: சரி, அது நியாயம். பின்னால் இரட்டை டயரா?

கோகுல்: ஆமாங்க, அங்கேதான் இடம் போகிறது. ஒரு டயர் 20 மி.மீ. தடிமன். ஒரு ஆக்சிலுக்கு நான்கு டயர், 80 மி.மீ. போய்விட்டது. மொத்த அகலம் 152, மீதி 72. அந்த ஒன்பது புள்ளிக்குள் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல், ஆக்சில் தாங்கி, பட்டை எல்லாம் அடங்க வேண்டும்.

அம்மா: ஹால் கடிகாரம் ஏன் நின்றிருக்கிறது?

திவ்யா: அம்மா, அவன் பேட்டரிப் பெட்டிக்கு ஆறு செல் வேண்டும்.

அம்மா: கோகுல்.

கோகுல்: சாயங்காலம் போட்டுவிடுகிறேன் அம்மா.

கோரிமேடு சித்தி: இந்தக் கட்டை ஏன் இவ்வளவு விலை? கவினுக்கு ஒரு சின்னப் பெட்டி கேட்டால் ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள்.

கோகுல்: வார்க்கிற அச்சு அவ்வளவு துல்லியம் சித்தி. 1958-இல் டென்மார்க்கில் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்த பிடிப்பு முறைதான் இன்றைக்கும். அந்தக் காலத்துக் கட்டையை இன்று வாங்கிய கட்டையில் வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். பல் சக்கரம், ஆக்சில் வைத்த டெக்னிக் வரிசை 1977-இல் வந்தது.

கோரிமேடு சித்தி: விலை குறையாது என்று சொல்லேன், முடிந்தது.

கோகுல்: [வீடியோ] பெரியப்பா, இதைக் கேளுங்க. தரையில் நன்றாக ஓடுகிறது. பலகையைச் சாய்த்து ஏற்றினால் பாதியில் கடகடவென்று சத்தம்.

குகை பெரியப்பா: [குரல் செய்தி 0:48]

ஏற்காடு மாமா: மச்சான், பேருந்தில் இருக்கிறேன், குரல் கேட்க முடியாது. எழுதுங்க.

குகை பெரியப்பா: அது மோட்டார் சத்தம் இல்லை. கிரவுன் என்கிற பெரிய பல் சக்கரமும் பினியன் என்கிற சின்னதும் விலகிப் பல் தாண்டுகிறது. லோடு ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். நிஜ வண்டியில் பல்லுக்கு இடையில் தளர்ச்சி வந்தால் ஹவுசிங் கூட்டைப் பிரித்து ஷிம் தகடு வைத்துச் சரிசெய்வோம். உன் ஹவுசிங் எதில் கட்டியிருக்கிறாய்?

கோகுல்: இரண்டு பக்கமும் நீளமாக ஒவ்வொரு பீம். மேலே பிடிப்பு இல்லைங்க.

குகை பெரியப்பா: அப்படியானால் விரியத்தானே செய்யும். குறுக்கே ஒன்று, மேலே ஒன்று போட்டுப் பூட்டு. நாங்கள் சேசிஸுக்குக் கிராஸ் மெம்பர் எதற்குப் போடுகிறோம்?

கோகுல்: சரிங்க, போட்டுப் பார்க்கிறேன்.

ஏற்காடு மாமா: வேகம் எவ்வளவு வரும்?

கோகுல்: மோட்டார் லோடு இல்லாமல் நிமிடத்துக்கு 220 சுற்று. பினியன் 12 பல், கிரவுன் 28 பல். சக்கரத்துக்கு 94 சுற்று போகும். டயர் ஒரு சுற்றில் 196 மி.மீ. நகரும். மணிக்கு 1.1 கி.மீ. வருகிறது. அதை 17-ஆல் பெருக்கினால் நிஜ வண்டிக்கு மணிக்கு 19 கி.மீ. மாதிரி.

ஏற்காடு மாமா: அடிவாரத்திலிருந்து மேலே வரும் லோடு வண்டி அதைவிட மெதுவாகத்தான் வரும். இங்கே பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு மால்கோ அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலத்திலிருந்து பார்க்கிறேன். மலையில் 19 என்றால் ஓட்டம்.

குகை பெரியப்பா: மாப்பிள்ளை சொல்வது சரி. இன்னும் குறை. லோடு ஏறினால் மோட்டார் சுற்றே இறங்கும், 220 எல்லாம் காகிதக் கணக்கு.

கோகுல்: மோட்டார் வாயிலேயே 8 பல், 24 பல் போட்டு மூன்றில் ஒன்றாகக் குறைத்துவிடவா? இரண்டும் சரியாக இரண்டு புள்ளி இடைவெளியில் கடிக்கும், இடமும் இருக்கிறது.

குகை பெரியப்பா: அங்கே போடாதே. முன்னாலேயே குறைத்தால் அவ்வளவு இழுவையும் நீள ஷாஃப்ட் வழியாகத்தான் பின்னால் போக வேண்டும். உன் ஷாஃப்ட் பிளாஸ்டிக்.

கோகுல்: ஆமாங்க, இப்போதே முறுக்கு தெரிகிறது. ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஷாஃப்ட் கயிறு மாதிரி திருகிக்கொள்கிறது, அப்புறம்தான் சக்கரம் அசைகிறது.

குகை பெரியப்பா: அதனால்தான் சொல்கிறேன். ஷாஃப்ட் வேகமாக, லேசாக ஓடட்டும். இழுவையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் எடு. சுரங்கத்தில் ஓடும் பெரிய டிப்பரில் சக்கரத்துக்குள்ளேயே ஹப் ரிடக்ஷன் என்று சுற்றைக் குறைக்கிற பல் சக்கரம் வைப்பதும் அதற்குத்தான்.

திவ்யா: பெரியப்பா, உங்களுக்கே ஒரு பெட்டி வாங்கித் தரட்டுமா?

குகை பெரியப்பா: கண் தெரியாது கண்ணு. சத்தம் மட்டும் கேட்கும்.

[பிற்பகல்]

கோகுல்: [வீடியோ] ஏறுகிறது. சத்தம் இல்லை. 8-24 ஜோடியைப் பின் ஆக்சிலுக்கு ஒட்டி வைத்தேன். ஆனால் பலகை இன்னும் சாய்ந்தால் சக்கரம் சும்மா சுற்றுகிறது, வண்டி நகரவில்லை.

குகை பெரியப்பா: காலி வண்டி அப்படித்தான். பின் சக்கரத்தில் எடை ஏது? பேட்டரியை எங்கே வைத்தாய்?

கோகுல்: கேபினுக்குள்.

குகை பெரியப்பா: முன்னால் வைத்தால் முன்னால்தான் அழுத்தும். இழுக்கிறது பின் சக்கரம். தொட்டிக்கு அடியில் தள்ளு. அப்புறம் லோடு ஏற்று.

கோகுல்: லோடுக்குச் சித்தி வீட்டு ஜவ்வரிசி கொண்டுவந்தேன்.

கோரிமேடு சித்தி: அது பாயசத்துக்கு வைத்தது!

ஏற்காடு மாமா: சேலத்து லாரியில் ஜவ்வரிசி ஏற்றாமல் வேறு எதை ஏற்றுவான்? கணக்குப்படி எவ்வளவு ஏற்ற வேண்டும்?

கோகுல்: நீளம் 17 பங்கு சுருங்கினால் கொள்ளளவு 17 × 17 × 17, 4913 பங்கு சுருங்கும். பெரியப்பா 16 டன் ஏற்றினார் என்றால் இங்கே மூன்றேகால் கிலோ.

கோரிமேடு சித்தி: அத்தனை கிலோவா! ஒரு டம்ளர் தருகிறேன், போ.

கோகுல்: மூன்றேகால் வைத்தால் ஆக்சில் வளைந்துவிடும் சித்தி. அரைக் கிலோ போதும். அதிலேயே சக்கரம் பிடித்துவிட்டது. [வீடியோ]

குகை பெரியப்பா: ஆகா! தூக்கிக் கொட்டு பார்க்கலாம்.

கோகுல்: [வீடியோ] தொட்டியைத் தூக்குவது ஆக்சுவேட்டர், உள்ளே திருகு சுற்றினால் நீளுகிற தண்டு. மோட்டாரை நிறுத்தினாலும் தானாக இறங்காது. மேலே முட்டினால் உள்ளே கிளட்ச் நழுவி டக் டக் என்கும், உடையாது.

குகை பெரியப்பா: நம் டிப்பரில் தொட்டியைத் தூக்குகிற ஜாக்கி கேபினுக்குப் பின்னால், தொட்டியின் முன்பக்கம் நிற்கும். நீ ஏன் கீலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாய்?

கோகுல்: இந்தத் திருகு நீளம் கொஞ்சம்தான் நீளும். முன்பக்கம் வைத்தால் தொட்டி லேசாகத் தலையாட்டும், அவ்வளவுதான். கீலுக்குப் பக்கத்தில் வைத்தால் எடை அதிகம் தாங்க வேண்டும், ஆனால் நன்றாக எழும்பும். ஜவ்வரிசி உருண்டை என்பதால் கொஞ்சம் சாய்ந்ததுமே கொட்டிவிடுகிறது. நிஜக் கல் இவ்வளவு சுலபமாக வராது.

குகை பெரியப்பா: ஒட்டிக்கொண்டால் சுத்தியலால் தொட்டியைத் தட்டுவோம். அதையும் வீடியோவில் போடு.

கோகுல்: இப்போது டிஃபரன்ஷியல் பல்லுக்கு இடையில் ஒரு ஜவ்வரிசி மாட்டியிருக்கிறது. ஊசியால் எடுக்கிறேன்.

குகை பெரியப்பா: நிஜ ஹவுசிங்கில் ஆயில் ஊற்றி மூடியிருப்போம். நீயும் கீழே தட்டை வைத்து மூடு.

ஏற்காடு மாமா: இங்கே 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. திரும்புமா?

கோகுல்: சர்வோ மோட்டார் திருப்புகிறது மாமா, விட்டதும் தானே நடுவுக்கு வந்துவிடும். முன் சக்கரம் இரண்டும் ஒரே அளவு திரும்பாது, உள் சக்கரம் கூடுதலாகத் திரும்பும்படி ஸ்டியரிங் கையைச் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பின்னால் இரண்டு ஆக்சில் என்பதால் வளைவில் டயர் தரையை இழைக்கும். அதை ஒன்றும் செய்வதற்கில்லை.

குகை பெரியப்பா: நிஜத்திலும் இழைக்கும். பின் டயர் தேய்வதே அதனால்தான்.

திவ்யா: கேபின் நெற்றியில் என்ன எழுதப் போகிறாய்? கட்டையிலேயே எழுத்து வைக்க முடியுமா?

கோகுல்: 19 புள்ளியில் தமிழ் எழுத்து அடங்காது. வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டித் தருவார்கள், அதுதான் சரி. "முருகன் துணை" போடலாமா?

கோரிமேடு சித்தி: கவின் பெயர் போடு. ஜவ்வரிசி என்னுடையது.

அம்மா: செல் என்னுடையது.

குகை பெரியப்பா: முதலில் பின்னால் "ஒலி எழுப்பவும்" போடு. நாளை குகையில் என் வீட்டுக்கு எடுத்து வா. டயரைத் துடைத்துவிட்டு வா, இங்கே மொசைக் தரை, தூசி இருந்தால் வழுக்கும்.